மூன்று நாளுக்கொரு முறை

பெப்ரவரி 3, செவ்வாய்

மணமகளின் கன்னத்தில் விழுந்திருந்த பச்சை வெளிச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வைஃபை நின்றது. மெல்பேர்ன் மண்டபக்காரர்கள் எதற்காகத்தான் பச்சை விளக்குப் போடுகிறார்களோ. காலை எட்டு இருபத்தைந்துக்கு நின்றது. வந்தது, மறுபடி நின்றது. பதினொரு மணிக்குப் பிறகுதான் நிலைத்தது. நாற்பது படங்களைத் திரும்ப ஏற்றினேன்.

கேதீஸ்வரி அக்காவின் ஸ்டூடியோவில் நேற்றுத்தான் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்று எழுதக்கூடாது. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாண அல்பம் வடிவமைக்கிற வேலை. அவர் மெல்பேர்னில், நான் உரும்பிராயில், பேச்செல்லாம் எழுத்தில். எனக்குக் காது கேட்காது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். "படத்துக்குச் சத்தம் இல்லைத்தானே" என்று பதில் போட்டார். இந்த மனுசியை விடக்கூடாது.

பெப்ரவரி 4, புதன்

ஒரு கரைச்சலும் இல்லை. இருபத்தெட்டுப் பக்கம் முடித்தேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

மறுபடியும். எட்டுப் பத்துக்குத் தொடங்கி பத்து ஐம்பது வரைக்கும்.

செய்தவை: ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். சிம்மைக் கழற்றித் துணியால் துடைத்துப் போட்டேன். கூரையில் இருக்கிற அன்ரெனாவின் வயர் எங்காவது கழன்றிருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. ஓட்டில் ஒரு அணில் என்னை முறைத்துப் பார்த்தது. வயரில் பல்லுப் பட்ட அடையாளம் இல்லை, ஆகவே அதை மன்னித்தேன். போன் டேட்டாவில் வேலை செய்யலாமென்றால் எங்கள் வளவுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் இழுக்கும். குறுஞ்செய்தி போகும், படம் போகாது.

கொம்பனியின் செயலியில் எழுதிக் கேட்டேன். இயந்திரம் ஒன்று பதில் சொன்னது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் "எமது இலக்கத்துக்கு அழையுங்கள்" என்றது. அழைக்கலாம். அழைத்துவிட்டு என்ன செய்வது? ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் கொண்டுபோன காதை எங்கே தேடுவது?

அம்மா எடுத்துக் கதைக்கிறேன் என்றார். இணைப்பு என் பெயரில் இருக்கிறது, பெயருக்குரியவர்தான் கதைக்க வேண்டுமாம். அம்மா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. நான் முன்னால் நின்று அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் தயாளினி கதைக்கிறன்."

பிறந்த திகதி கேட்டிருக்கிறார்கள்.

"ஆவணி. உத்தரட்டாதி."

அடையாள அட்டையை எடுத்து அவருடைய கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை. அட்டையைத் தள்ளிவிட்டு, "விடியப்புறம் நாலரைக்குப் பிறந்தது, நல்ல மழை" என்றும் சொன்னார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டார்களாம்.

கோபம் வந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது.

பெப்ரவரி 7, சனி

அம்மா சொல்லி அண்ணை இணுவிலிலிருந்து வந்தார். வரும்போதே வாகீசன் அண்ணைக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"நீ கண்டதையும் அமத்திப்போட்டாய்."

ரவுட்டரின் பின்னால் ஊசியால் குத்தி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். கடவுச்சொல்லைத் தன் மகளின் பெயருக்கு மாற்றினார். காலை முழுவதும் வைஃபை அறவே நிற்கவில்லை. "பாத்தியே?" என்று அம்மாவிடம் கேட்டார், என்னிடமல்ல. தேத்தண்ணி குடித்தபடி, பொங்கலுக்கு அப்பாவுக்குக் கறண்ட் மோட்டர் பூட்டிக் கொடுத்ததும் தான்தானென்று ஞாபகப்படுத்தினார். ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவருக்குக் கம்பி, வயர், குழாய் எல்லாமே தெரியும். போகும்போது என் தலையில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு இருபத்தொன்பது வயது.

பெப்ரவரி 9, திங்கள்

எட்டுப் பதினைந்து. செத்தது.

அண்ணைக்கு எழுதினேன். பதில்: "அப்ப கொம்பனியின்ரை பிழை. உந்த வேலை உனக்குச் சரிவராது தங்கச்சி. என்ரை கடைக்கு வந்து இரு, ஆக்களோடை கதைக்கத் தேவையில்லை, பின்னாலை சாமான் அடுக்கலாம்."

பின்னாலை! ஏன், முன்னாலை நிண்டா என்ன? நான் என்ன உடைஞ்ச பைப்போ, ஆக்கள் காணாத இடத்திலை அடுக்கி வைக்க? மூண்டு வருசம் இரவும் பகலும் இருந்து படிச்ச வேலை இது. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. பாத்துப் பாத்து நானே படிச்சனான்.

சரி. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மேலே எழுதியதை எல்லாம் இப்போது திருப்பிப் பார்க்கிறேன். 3. 6. 9. மூன்று நாளுக்கொரு முறை, எட்டு மணிக்குப் பிறகு தொடங்கி பதினொன்றோடு முடிகிறது. இடையில் இருக்கிற நாட்களில் ஒன்றுமில்லை. அண்ணை திருத்திய அன்றைக்கு அவர் திருத்தாமல் விட்டிருந்தாலும் வைஃபை ஓடியிருக்கும்!

கோபுரத்தில் மூன்று நாளுக்கொரு முறை ஏதாவது செய்கிறார்களா? இருக்கலாம். அடுத்தது 12, வியாழன். கொம்பனிக்கே போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன், தனியாக. காரியாலயத்தில் இருந்தவர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பிறகு பல்வைத்தியரிடம் காட்டுகிற மாதிரி வாயை அகலத் திறந்து கதைக்கத் தொடங்கினார். "வழமை மாதிரியே கதையுங்கோ. வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வேன்" என்று எழுதிக் காட்டினேன். வெட்கப்பட்டார். அதற்குப் பிறகு நல்ல மனிதர்.

நான் கதைத்தது அவருக்குப் பாதி விளங்கியது, மீதியை எழுதினேன். திகதிகளும் நேரங்களும் எழுதிய தாளைக் கொடுத்தேன். நாளைக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்.

"நாளைக்கு வேண்டாம். நாளைக்கு அது வேலை செய்யும். நாளையிண்டைக்கு, வியாழன் அனுப்புங்கோ" என்றேன்.

சிரித்தார். நாளைக்குத்தான் ஆள் இருக்கிறதாம்.

எனக்கு அழைப்பு எடுக்க வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள் என்று பதியச் சொன்னேன். கணினியில் அதற்கு இடமில்லையாம். முகவரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவரை விட்டு நான் எழும்பவில்லை. இப்போது என் முகவரி: உரும்பிராய் தெற்கு, அழைக்க வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்பவும்.

பெப்ரவரி 11, புதன்

"வாசலில் நிற்கிறேன்" என்று குறுஞ்செய்தி வந்தது! முகவரி வேலை செய்கிறது.

வந்தவர் பெயர் ஜெரோசன். நான் சொன்னபடி வைஃபை ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்து, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார். நான் இடையில் போய் நின்றேன். நாட்குறிப்பில் குறித்து வைத்திருந்த நேரங்களைக் காட்டினேன். அவற்றை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, அம்மாவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நிக்கேக்கை எந்த லைற் முதல் நூருது?"

தெரியாது. ரவுட்டர் விறாந்தை அலுமாரிக்கு மேலே இருக்கிறது, நான் அறைக்குள். நான் ஓடி வரும்போது அணைந்த விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்துகொண்டிருக்கும்.

தன் போனில் எழுதிக் காட்டினார்: "கோபுரத்தில் பிழை என்றால் இந்த ஒரு லைற் மட்டும் சிவக்கும். மற்றவை எரியும். எல்லாம் ஒன்றாக நூர்ந்தால் எங்களுடைய பிழை இல்லை. உங்கள் வீட்டுக் கறண்ட்." அடப்டரையும் தொட்டுப் பார்த்துப் பழசு என்றார்.

இவ்வளவு நாளாக நான் போனின் மூலையிலிருக்கிற வைஃபை அடையாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெப்ரவரி 12, வியாழன்

எட்டு இருபது. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். சரியாகச் சொன்னதில் ஒரு சந்தோசமும் இல்லை.

மெல்பேர்ன் மணமகளுக்கு நான் செய்த பக்கங்களைத் திரையில் காட்டுகிற நாள். நான் பக்கத்தைப் புரட்ட, கேதீஸ்வரி அக்கா விளக்கம் சொல்ல, அந்தப் பிள்ளை விரும்பியதை எழுத்தில் கேட்க என்று ஏற்பாடு. தாலி கட்டுகிற பக்கத்துக்கு வந்திருந்தோம். திரை உறைந்தது. அவர்கள் இரண்டு பேரும் வாய் பாதி திறந்தபடி நின்றார்கள். பிறகு அவர்களும் இல்லை. ரவுட்டரைப் பார்க்க ஓடவேண்டும் என்பதே மறந்துபோய் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தேன்.

பதினொன்றரைக்கு வந்த செய்தி: "தயாளினி, உம்முடைய வேலை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனா வாடிக்கையாளருக்கு முன்னாலை இப்பிடி நடந்தா நான் என்ன செய்யிறது? மாத முடிவுக்குள்ளை இதைச் சரிப்படுத்தும். இல்லாட்டி வேறை ஆளைப் பார்க்க வேண்டி வரும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் சுடுகிறது.

சரிப்படுத்துவேன். எனக்கு இனி ஒன்று மட்டும்தான் தெரியவேண்டும், எந்த விளக்கு. 15ஆம் திகதி ஞாயிறு. காவல் இருப்பேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

ரவுட்டரை அலுமாரியிலிருந்து இறக்கி என் மேசையில், கண்ணுக்கு நேரே வைத்தேன். அன்ரெனா வயர் மட்டுமட்டாக எட்டுகிறது.

பெப்ரவரி 14, சனி

இன்றைக்கு நிற்கக்கூடாத நாள். நின்றது!

எட்டு ஐந்து. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா விளக்கும் ஒன்றாக நூர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கின, மறுபடி எல்லாம் ஒன்றாக நூர்ந்தன. தலைக்கு மேலே மின்விசிறியும் களைத்துப்போய்ச் சுற்றியது. கறண்ட். எங்கள் வீட்டுக் கறண்ட்தான். மடிக்கணினி பற்றரியில் ஓடியபடியால் எனக்கு இதுவரை தெரியவில்லை.

ஆனால் ஏன் இன்றைக்கு? என் கணக்குப்படி நாளைக்கல்லவா? குசினிக்குள் போனேன். அம்மா உழுந்து அரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இண்டைக்கு வீட்டிலை என்ன புதுசு? என்ன மாறினது?"

"ஒண்டும் மாறேல்லை. ஏன்?"

"நாளைக்கு நடக்கவேண்டியது ஏதும் இண்டைக்கு நடக்குதோ?"

அம்மா கையை உதறிவிட்டு யோசித்தார். "நாளைக்குச் சிவராத்திரி. அப்பா விரதம் எண்டு இறைப்பை இண்டைக்கு மாத்திப்போட்டார். சிவசுப்பிரமணியம் மாமா நாளைக்கு இறைக்கிறார், அவருக்கு விரதம் இல்லைத்தானே."

இறைப்பு!

தோட்டக் கிணறு மூன்று வீட்டுக்குப் பொது, சிவசுப்பிரமணியம் மாமா வீடும் அதிலொன்று. முறை வைத்துத்தான் தண்ணீர் இறைப்பார்கள். எங்கள் முறை மூன்று நாளுக்கொரு முறை. காலையில் எட்டுக்குத் தொடங்கினால் வெங்காயப் பாத்தி எல்லாம் நனைந்து முடியப் பதினொன்றாகும்.

முன்பு அப்பா மண்ணெண்ணெய் மிஷினால் இறைத்தபோது எனக்குத் தெரியும். தரை அதிரும், கதிரையின் காலுக்குள்ளால் முதுகுக்கு ஏறும். பொங்கலுக்குப் பிறகு கறண்ட் மோட்டர். அது அதிர்வதில்லை. சத்தம் மட்டும் போடுமாம். வீட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்கும், ஆனால் கேட்கவில்லை.

செருப்பும் போடாமல் கிணற்றடிக்கு ஓடினேன். அப்பா வாய்க்காலில் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வாய் நிறைய வெற்றிலை. வெற்றிலை போட்டிருக்கும்போது அப்பாவின் வாயைக் கடவுளாலும் வாசிக்க முடியாது.

"துப்பிப்போட்டுக் கதையுங்கோ!"

துப்பினார். "என்ன பிள்ளை, ஆருக்கு என்ன?"

"மோட்டரை நிப்பாட்டுங்கோ. ஒருக்கா."

நிறுத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன், விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து நிலைத்தன. யன்னலால் கையைக் காட்டினேன், போட்டார். எல்லாம் நூர்ந்தன. கையைக் காட்டினேன், நிறுத்தினார். மூன்று முறை. மூன்றாவது முறை போனில் படம் பிடித்தேன். பிறகு மோட்டரின் வயரைக் கையால் தொடாமல் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனேன். கிணற்றடியிலிருந்து வேலிக்கரை, வேலிக்கரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து என் அறைக்குப் பின்பக்கம். என் அறைக்கும் விறாந்தைக்கும் கறண்ட் வருகிற அதே வயரில் முடிச்சுப் போட்டிருந்தது.

கறுப்பு ரேப் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்தது, யாருடைய வேலை என்று.

பெப்ரவரி 15, ஞாயிறு

அண்ணைக்கு விளக்கு நூர்ந்த படத்தையும் அந்த முடிச்சின் படத்தையும் அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. நீலச் சரி இரண்டும் விழுந்தன. பார்த்துவிட்டார்.

அப்பாவோடு கதைத்தேன். விரதத்தில் வெற்றிலை இல்லை, ஆகவே வசதி.

"மோட்டரை விடச் சொல்லுறியோ? வெங்காயம் வைச்சு நாப்பது நாள். இப்ப தண்ணி விடாட்டி எல்லாம் போச்சு."

"விடச் சொல்லேல்லை அப்பா. ஆனா என்ரை வேலையும் போகேலாது."

கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர் அதுவரைக்கும் இதை வேலை என்று நினைத்திருக்கவில்லை என்று எனக்குப் பட்டது. நான் கொம்பியூட்டரில் கல்யாணப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.

"அப்ப வழியைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மோட்டருக்கு மெயின் சுவிச் போட்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். தெரிந்த ஆளைக்கொண்டு. தடித்த வயரால். அதுவரைக்கும் ரவுட்டருக்கு ஒரு சின்னப் பற்றரிப் பெட்டி வாங்கிவைக்கிறேன். அப்பா தலையாட்டினார். எவ்வளவு காசு முடியும் என்றுகூடக் கேட்கவில்லை.

பெப்ரவரி 18, புதன்

பற்றரிப் பெட்டி ரவுனில் கிடைக்கவில்லை, அடுத்த கிழமை வருமாம். இன்று எங்கள் இறைப்பு. எட்டு மணிக்குப் பயந்துகொண்டு விளக்குகளைப் பார்த்தபடி இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது. ஒன்றும் இல்லை.

வெளியே போய்ப் பார்த்தால் பாத்திகள் எல்லாம் நனைந்து கிடக்கின்றன. அப்பா விடிய ஐந்துக்கே எழும்பி, என் வேலை தொடங்க முதல் இறைத்து முடித்துவிட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை. சேறு காய்ந்த காலோடு படுத்து நித்திரை.

மெல்பேர்ன் மணமகளுக்கு மிச்சப் பக்கங்களைக் காட்டினேன். தாலிப் பக்கத்தைப் பார்த்து அழுதாள். இந்த முறை திரை உறையவில்லை, முழு அழுகையும் வந்து சேர்ந்தது.

பெப்ரவரி 22, ஞாயிறு

அண்ணை வந்தார். கையில் தடித்த வயர்ச் சுருள், பின்னால் வயரிங் செய்கிற அடைக்கலநாதன். என்னைத் தாண்டி நேரே பின்வளவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அடைக்கலநாதன் சுவருக்குப் பின்னால் போய் அந்த முடிச்சைப் பார்த்தார். கறுப்பு ரேப்பை உரித்தார். உள்ளே வயர் உருகிக் கருகியிருந்தது.

"உதிலை மோட்டரைக் கொழுவினது ஆர்? இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா வீடு பத்தியிருக்கும்."

அண்ணை கிணற்றைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். நான் கேட்காதவள் மாதிரி நின்றேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் அண்ணை என் முன்னால் வந்து நின்றார். அந்தக் கருகிய துண்டு அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது.

"அவசரத்திலை இழுத்தனான். நீ பாத்திராட்டி..." என்று தொடங்கினார். மீதி வாயசைவு கலங்கிவிட்டது. நான் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

தலையில் தட்டாமல் போனார்.

பெப்ரவரி 24, செவ்வாய்

எங்கள் இறைப்பு. எட்டிலிருந்து பதினொன்று வரை மோட்டர் ஓடியது. விளக்குகள் இமைக்கவே இல்லை. பத்து மணிக்குப் பிறகு நான் அவற்றைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 28, சனி

கேதீஸ்வரி அக்கா: "ஏப்ரலிலை பதினொரு கல்யாணம் இருக்கு. நீர் நிரந்தரம். ஆனா ஒரு ஆளாலை ஏலாது. உம்மைப்போலை வேலை செய்யிற ஆக்களை உமக்குத் தெரியுமோ?"

உம்மைப்போலை. எந்த விதத்தில் என்று கேட்டு எழுதினேன். "கவனமா" என்று பதில் வந்தது.

தெரியும். காது கேளாதோருக்கான என் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் வீட்டில் சும்மா இருக்கிறார்கள்.

மே 5, செவ்வாய்

விறாந்தையில் இப்போது மூன்று மேசை. என் பள்ளிக்கூடத்துச் சுபாஜினியும் கோபிசங்கரும் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். கோபிசங்கர் நிறம் திருத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்கு வந்த அல்பத்தில் மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் கண்ணை மூடியபடி. அறுநூறு படம், ஒன்றில்கூட முழுக் கண் இல்லை. சுபாஜினி அவனைப்போல எழும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு தாலி கட்டிக் காட்டினாள். கோபிசங்கர் ஐயராக மாறி, தாலி வேறு ஆளின் கழுத்துக்குப் போகாமல் பிடித்து இழுத்தான். சைகையில் கைகள் பறந்தன. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

அம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஒருவருடைய கையிலிருந்து மற்றவருடைய கைக்கு, அங்கிருந்து என் முகத்துக்கு என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது.

"என்ன சொல்லிச் சிரிக்கிறியள்?" என்று கேட்டார். "எனக்கும் சொல்லுங்கோவன்."

சொன்னேன். கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் சொன்னேன், வீட்டில் எனக்குச் சொல்கிற மாதிரி.